ஏறிய துறையிலே இறங்குவதற்கு ஒரு கப்பல்

கப்பலேறுதல் என்பதை எம்மவர் நல்ல பொருளில் வழங்குவது குறைவு. ஒருவருக்கு மானம் போனால் அது கப்பலேறிவிட்டது என்கிறோம். கன்னத்திற் கைவைத்துக் கவலையோடு இருப்பவரைக் கண்டால் கப்பல் கவிழ்ந்துவிட்டதோ என்று கேட்கிறோம். திரவியம் தேடவும் உத்தியோகம் பார்க்கவும் பட்டம் பெறவும் எம் முன்னோர் கடல் கடந்தார்கள். ஆனால் நாலு நாள் கடலிலே மிதந்துவிட்டு, ஏறிய துறையிலேயே வந்து இறங்குவதற்காகக் காசு கொடுத்துக் கப்பலேறினார்கள் என்று நாம் கேள்விப்பட்டதில்லை. 2024 ஆம் ஆண்டில் அப்படியொரு பிரயாணத்துக்கு நாம் ஆயத்தமானபோது வீட்டில் எழுந்த முதற் கேள்வியும் இதுவேயாகும்.

"ஏறின இடத்திலையே இறங்கிறதுக்கு என்னத்துக்குத் தம்பி கப்பல்?" என்றார் எமது தாயார்.

தாயாருக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. அவர் பிறந்தது கோலாலம்பூரிலே, பிரிக்பீல்ட்ஸ் என்னும் பகுதியில். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்று, மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞராகச் சென்ற பலருள் அவருடைய தந்தையாரும் ஒருவர். யப்பானியர் காலத்துக் கஷ்டங்களையெல்லாம் அங்கே அனுபவித்தபின், 1946 இல் குடும்பத்தோடு கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார். ஆறு வயதுச் சிறுமியாக அக்கப்பலில் வந்த தாயாரின் நினைவில் நிற்பவை இரண்டே. ஒன்று தார்ப்பாயின் மணம். மற்றது, தம் அன்னையார் கொழும்பு வந்து சேரும்வரை சத்தியெடுத்துக்கொண்டு படுத்திருந்த கோலம். அதன்பின் அவர் கப்பலேறவுமில்லை, மலாயாவைக் காணவுமில்லை. ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும் என்று மட்டும், எமக்கு நினைவு தெரிந்த நாள் முதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரிற் புறப்பட்டு மூன்று இரவுகள் கழிந்தபின் அங்கேயே திரும்பும் கப்பலொன்றை இணையத்திலே கண்டுபிடித்தவள் எமது மகள். பினாங்கும் போர்ட் கிளாங்கும் அது தங்கிச் செல்லும் துறைகள். 1972 இற்கு முன் போர்ட் சுவெட்டனம் என்று வழங்கிய இடந்தான் இந்தப் போர்ட் கிளாங். அதைக் கேட்டபின்னரே தாயார் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, படத்தைப் பார்க்கலானார்.

கோலாலம்பூருக்கு ஆகாய விமானத்தில் நேரே போயிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். போயிருக்கலாம், செலவும் குறைந்திருக்கும். ஆனால் பிள்ளைகளின் ஆசை கப்பலில் இருந்தது. மேலும், விடுதிக்கு விடுதி பெட்டி கட்டி அவிழ்ப்பது முதியவர்களுக்குப் பெருந்துன்பம். கப்பலில் ஓர் அறையிலே பெட்டியை அவிழ்த்து வைத்தால், ஊர்கள் தாமாக வந்து சாளரத்தருகே நிற்கின்றன. கடல்வழியே விட்டு வந்த இடத்துக்குக் கடல்வழியே திரும்பிப் போவது தாயாருக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

உல்லாசத்துக்காகக் கப்பலேறும் வழக்கம் ஐரோப்பாவில் எழுந்தது. 1844 இல் பி. அண்ட் ஓ. கம்பனியார் ஜிப்ரால்ட்டர், மால்ட்டா, ஏதென்ஸ் முதலிய இடங்களுக்குக் கடற்சுற்றுலா என்று விளம்பரம் செய்தார்கள். நாவலாசிரியர் தாக்கரே அவர்கள் செலவிலே பிரயாணஞ் செய்து, பின்னர் அதைப் புத்தகமாகவும் எழுதினார். இலவச ரிக்கற் கொடுத்து எழுத்தாளரைப் பிடிக்கும் வித்தை இன்று நேற்று வந்ததன்று! 1891 இல் ஹம்பேர்க் கம்பனியைச் சேர்ந்த அல்பேர்ட் பாலின் என்பவர், குளிர்காலத்தில் ஆட்களின்றிச் சும்மா கிடந்த பெருங்கப்பலொன்றை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பி இலாபங் கண்டார். உல்லாசப் பிரயாணத்துக்கென்றே கட்டப்பட்ட முதற் கப்பலான ‘பிரின்செஸ்ஸின் விக்டோரியா லுயிசே’ 1900 இல் நீரில் இறங்கியது. 1906 இல் ஜமேக்காவின் கரையிலே தரைதட்டி அழிந்தது. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்குமிடையே ஓடிய ஓரியண்ட் லைன் கப்பல்கள் கொழும்பிலே தங்கிச் சென்றதும், அவற்றிலேறி எம் மாணவர் இலண்டனுக்குப் போனதும் மூத்த வாசகர்களுக்குத் தெரிந்த கதை. ஜெற் விமானம் வந்தபின் அப்பெருங்கப்பல்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. சில உடைக்கப்பட்டன, சில உல்லாசக் கப்பல்களாக மாறின.

இன்றைய கப்பல்கள் அவற்றைவிடப் பன்மடங்கு பெரியன. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதன்முறை புறப்பட்ட ‘ஐக்கன் ஒவ் த சீஸ்’ ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொன் கொள்ளளவுடையது. நிறைந்த பிரயாணத்தில் 7,600 பேர்வரை ஏறலாம். ஒரு சிறு பட்டினமே மிதக்கிறது என்று கொள்ளவேண்டும். எமது மகன் அதன் படத்தையும், அதன் நீர்ச்சறுக்குகளையும் காட்டிக் காட்டி மன்றாடினான். பெரிய கப்பல் நல்ல கப்பல் என்று எண்ணுவது முதன்முறை போகிறவர்கள் செய்யும் தவறுகளுள் முதன்மையானது. கப்பல் பெருத்தால் விளையாட்டுகளும் பெருகும், வரிசைகளும் நீளும்; அறையிலிருந்து உணவு மண்டபத்துக்குக் கோவில் வீதியைச் சுற்றுமளவு நடக்கவேண்டும். ஊன்றுகோலோடு நடப்பவருக்கு அது சிறிய விடயமன்று.

ஆகவே, எந்தக் கப்பல் என்று தொடங்காமல், கூட வருபவர் யார், எந்தத் துறையில் இறங்க விரும்புகிறார் என்று தொடங்குவதே சரியென நாம் கண்டோம். எம்மோடு வந்தவர்களுள் மிகவும் மூத்தவர் தாயார். அவர் விரும்பிய துறை ஒன்றே. அதன்பின் தெரிவு வெகு சுலபமாயிற்று. காலமும் கடலும் அதற்கு உதவின. மலாக்கா நீரிணை சுமாத்திராத் தீவுக்கும் மலாயாக் குடாநாட்டுக்குமிடையே ஒதுங்கிக் கிடப்பது. திடீர்ப் புயற்காற்றும் மழையும் சிலவேளை வந்து போனாலும், பெருங்கடலின் நெடிய அலைகள் அங்கே எழுவதில்லை. முதன்முறை ஏறுபவருக்கும், கடற்பயம் உள்ளவருக்கும் இது பெரிய அனுகூலம். கார்த்திகை மார்கழியில் வங்காள விரிகுடாவிற் புயல் பிறப்பதையும், ஜூன் முதல் நவம்பர் வரை கரிபியன் பகுதியிற் சூறாவளி வீசுவதையும் மறந்து, மலிவான விலையைக் கண்டவுடன் திகதி குறிப்பது அறிவுடைமையாகாது. சிங்கப்பூர்ப் பாடசாலைகளுக்கு ஜூனிலும் டிசெம்பரிலும் நீண்ட விடுமுறை. அக்காலங்களில் அங்கிருந்து போகும் கப்பல்களிற் கட்டணமும் கூட்டமும் ஏறிவிடும்.

எம் நாட்டுக் கரையிலிருந்தே ஏறமுடியாதா என்று கேட்டவர்களும் உண்டு. 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளுக்கும் வந்து போயிற்று. எனினும் அவர்கள் எம்மைப் பார்க்க வந்தவர்கள். சென்னையில் ஏறிச் சென்னையில் இறங்குபவர்கள். எமக்குச் சிங்கப்பூரே வசதியாகத் தோன்றியது.

துறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் ஊரின் பெயரைப் பெரிய எழுத்திற் போடுவார்கள். கப்பல் நிற்பதோ வேறோரிடத்தில். உரோமாபுரி என்றால் கப்பல் சிவிட்டாவெக்கியாவில் நிற்கும். இலண்டன் என்றால் சவுத்ஹம்டனில். பாங்கொக் என்றால் லாயெம் சபாங்கில். கோலாலம்பூர் என்பதும் அவ்வாறே. உல்லாசக் கப்பல்கள் தங்கும் துறை புலாவ் இண்டா என்னும் தீவிலுள்ளது. பாலங் கடந்து தலைநகர் சேர வாகனத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். பினாங்கிலோ, கப்பலைவிட்டு இறங்கினால் ஜோர்ஜ் டவுனின் நடுவே நிற்கிறோம். சற்றுத் தூரம் நடந்தால் தமிழ்க் கடைகளும், குவீன் வீதி மாரியம்மன் கோவிலும் வந்துவிடுகின்றன. புக்கெற் போன்ற சில இடங்களில் பெருங்கப்பல் கடலிலே நங்கூரமிட, சிறு படகிலேறிக் கரை சேரவேண்டியிருக்கும். சக்கர நாற்காலியோடு படகில் இறங்குவது கடலின் கருணையைப் பொறுத்தது. அதனாலேயே, விலை மலிந்திருந்தும் புக்கெற் போகும் கப்பலை நாம் விட்டோம்.

இனி விலையைப் பார்ப்போம். இங்கேதான் நாம் வழுக்கி விழவிருந்தோம்.

விளம்பரத்தில் ஓராளுக்கு 399 சிங்கப்பூர் டொலர் என்றிருந்தது. ஐந்து பேருக்கு இரண்டாயிரத்துக்கு ஐந்து டொலர் குறைவு என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு, கொழும்பிலுள்ள ஒரு பிரயாண முகவரிடம் போனோம். அவர் வெகு மரியாதையாக வரவேற்றுத் தேநீர் தந்து, முற்பணத்தை அன்றே கட்டிவிடுமாறு வற்புறுத்தினார். மறுநாள் விலை ஏறிவிடுமாம். எமது இல்லாள் மட்டும், "எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஒரு கடதாசியில் எழுதித் தாருங்கள்" என்றார். முகவர் எழுதத் தொடங்கினார். கடதாசி நீண்டுகொண்டே போயிற்று.

அந்த 399 என்பது, இரண்டு பேர் தங்கும் சாளரமில்லாத உள்ளறையில் ஓராளுக்குரிய பங்கு. ஓர் அறையில் மூன்றாவதாகப் படுப்பவருக்குச் சற்றுக் குறையும். எமது மகனுக்கு 299 ஆயிற்று. ஆக 1,895. துறைமுகக் கட்டணமும் வரியும் ஆளுக்கு 110 வீதம் 550. கப்பலில் வேலை செய்வோருக்கு நாம் கொடுக்கவேண்டிய ‘சந்தோஷம்’ எம் விருப்பத்துக்கு விடப்படுவதன்று. ஓர் இரவுக்கு ஆளுக்கு 22 டொலர் என்று அவர்களே கணக்கில் எழுதிவிடுவார்கள். மூன்று இரவுக்கு ஐவருக்கும் 330. கடலைக் காட்டும் சாளரமுள்ள அறை வேண்டுமென்றதால் ஆளுக்கு 80 வீதம் 400. மொத்தம் 3,175 டொலர். மனக்கணக்கின் ஒன்றரை மடங்குக்கு மேல்! விமானக் கட்டணமும், சிங்கப்பூரில் ஓர் இரவு தங்கும் செலவும், காப்புறுதியும் இதற்குப் புறம்பு. இது எமது கணக்கு. கப்பலுக்குக் கப்பல் தொகை வேறுபடும். ஆனால் இந்தப் பகுதிகள் எங்கும் உண்டு. தனியாகப் போகிறவர், ஓரறைக்கு இருவர் கட்டணத்தையும் ஏறத்தாழ முழுதாகக் கட்டநேரலாம் என்பதையும் அறிந்திருக்கவேண்டும்.

கப்பலில் உணவு இலவசம் என்பார்கள். பொதுவான உணவு மண்டபங்களில் அது உண்மை, எவ்வளவும் உண்ணலாம். சிறப்பு உணவுச்சாலைகள், போத்தற் பானங்கள், மது, இணைய வசதி, கரையிறங்கிச் செல்லும் சுற்றுலா யாவும் தனி. கப்பலுள் காசு கைமாறுவதில்லை. அறைத் திறப்பாகத் தரப்படும் அட்டையைக் காட்டியே யாவும் வாங்கலாம்; இறுதி நாளிற் கடனட்டையிற் கழிப்பார்கள். கையிலிருந்து காசு போவது கண்ணுக்குத் தெரியாதபோது, போவது தெரியாமலே போகும். பிள்ளைகளின் அட்டையில் வாங்கும் உரிமையை முதல் நாளே நிறுத்திவிடுமாறு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டோம். எமது மகன் இன்னும் இதை மன்னிக்கவில்லை.

முகவர் காட்டிய மலிவான பதிவுக்கு இன்னுமொரு காரணமும் இருந்தது. அறையின் வகையை மட்டும் நாம் தெரிவுசெய்யலாம். எந்த அறை என்பதைக் கம்பனியே பின்னர் தீர்மானிக்கும். இளந்தம்பதிகளுக்கு இதில் நட்டமில்லை. எமக்கோ ஒரு தட்டின் முனையில் ஓர் அறையும், வேறொரு தட்டின் மறுமுனையில் மற்ற அறையும் கிடைத்திருந்தால், நள்ளிரவில் தாயார் கூப்பிட யார் ஓடுவது? சிறிது கூடக் கொடுத்து, அடுத்தடுத்து இரண்டு அறைகளை இலக்கம் குறித்தே வாங்கினோம்.

அறையின் இலக்கத்தைக் கப்பலின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டோம், அது வீண்போகவில்லை. ஊஞ்சற் பலகையின் இருமுனைகளும் ஏறியிறங்க நடுப்பகுதி அமைதியாயிருப்பது போல, கப்பலிலும் ஆட்டம் மிகக் குறைந்த இடம் நடுப்பகுதியே. உயரப்போகப் போகச் சாய்வு கூடும். ஆகவே கடலுக்கு அஞ்சுபவர் கீழ்த்தட்டில், நடுவிலே அறை எடுக்கவேண்டும். பணக்காரர் வாங்கும் மேற்றட்டுப் பல்கனி அறையைவிட இது மலிவு என்பது மகிழ்ச்சிக்குரியது. இக்காலக் கப்பல்களின் இருமருங்கும் மீன் செட்டை போன்ற உறுப்புகள் நீருள்ளே நீண்டு பக்க ஆட்டத்தைத் தணிக்கின்றன. முன்பின்னாகத் தூக்கிப் போடுவதை அவை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மேலும், தலைக்கு மேலே நீச்சற்றடாகமோ உணவு மண்டபமோ இருந்தால், விடியற்காலையிலே கதிரை இழுக்கும் ஓசை தூக்கத்தைக் கெடுக்கும். நாடக மண்டபத்துக்கு மேலுள்ள அறையில் நள்ளிரவு வரை இசை கேட்கலாம். மேலும் கீழும் படுக்கையறைகளே உள்ள இடம் உத்தமம். கடல் தெரியும் அறை என்று விற்கப்படுபவற்றுட் சிலவற்றில், சாளரத்தை மறைத்துக்கொண்டு உயிர்காக்கும் படகு தொங்கும். பதிவுப் பத்திரத்தில் அது சிறிய எழுத்திலே இருக்கும்.

இவையெல்லாம் எல்லா நாட்டவருக்கும் பொதுவானவை. எம்மவருக்கே உரிய தொல்லைகள் இரண்டு உள.

முதலாவது பெயர். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. மணமானபின் பெண்களுக்குக் கணவன் பெயரும் வந்து சேரும். கப்பற் கம்பனியின் படிவமோ குடும்பப் பெயர் எது என்று கேட்டு நிற்கும். வெற்றிடமாக விட்டால் மேலே நகராது. தாயாரின் பிறப்புச் சான்றிதழ் மலாயாவில் ஒரு விதமாக எழுதப்பட்டிருந்தது. கடவுச்சீட்டில் வேறு விதம். முகவரின் அலுவலகத்திலோ விமான ரிக்கற்றில் ஒரு வரிசையிலும், கப்பற் பத்திரத்தில் மறு வரிசையிலும் எழுதிவிட்டார்கள். நல்லவேளையாக, பணம் முழுதுங் கட்டுமுன்னர் கண்டுகொண்டோம். கடவுச்சீட்டில் உள்ளது உள்ளபடியே, அதே வரிசையில், ஓரெழுத்தும் பிசகாமல் எல்லாப் பத்திரங்களிலும் இருக்கவேண்டும். பிரயாண முடிவுத் திகதிக்குப் பின்னும் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் கடவுச்சீட்டுச் செல்லுபடியாதல் வேண்டும்.

இரண்டாவது விசா. ஏறுந் துறைக்கு விசா வேண்டியதில்லை என்பதால் இடைத்துறைகளுக்கும் வேண்டியதில்லை என்று கொள்வது பெரும்பிழை. நாம் சென்றபோது சிங்கப்பூருக்கு முன்கூட்டி விசா வேண்டியிருக்கவில்லை, மலேசியாவுக்கு வேண்டியிருந்தது. அது இல்லாதவரைப் போர்ட் கிளாங்கில் இறங்கவிடாமற் செய்வதோடு நில்லாது, சிங்கப்பூரிலே கப்பலில் ஏற்றாமலே விட்டுவிடவுங் கூடும். கட்டிய பணமும் திரும்பாது. பாரிசிலும் இலண்டனிலும் உள்ள உறவினரிடம் போய், அங்கிருந்து மத்தியதரைக் கடலிற் கப்பலேற எண்ணுபவர்கள் இன்னும் விழிப்பாயிருத்தல் நன்று. ஷெங்கன் விசாவோடு பார்சலோனாவிலோ ஏதென்சிலோ ஏறி, துருக்கியிலோ தூனிசியாவிலோ ஒரு பகல் தங்கிவிட்டுத் திரும்பினால், அது அவர்கள் கணக்கில் இரண்டாவது நுழைவு. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா அங்கே பயன்படாது. விதிகள் அடிக்கடி மாறுபவை. முகவர் சொல்வதை மட்டும் நம்பாமல், அவ்வந் நாட்டுத் தூதரகத்தின் அறிவித்தலை நாமே பார்த்துக்கொள்ளவேண்டும். விசாத் தவறுக்குப் பொறுப்பு பிரயாணியே என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்.

ஒப்பந்தத்தை வாசிக்கும்போது, பணம் திரும்பும் நிபந்தனைகளையும் வாசித்தல் வேண்டும். முற்பணங் கட்டிப் பதிவு செய்தபின், புறப்பட இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னர் மீதியையுங் கட்டிவிடவேண்டும் என்பது பொதுவழக்கு. அதற்குப்பின் பயணத்தைக் கைவிட்டால், நாள் நெருங்க நெருங்கத் திரும்பும் தொகை தேய்ந்து, கடைசியில் ஒரு சதமும் மிஞ்சாது. எண்பது வயதுக்கு மேற்பட்டவரை அழைத்துச் செல்வோருக்கு இது வெறும் எழுத்தன்று. ஆகவே காப்புறுதி அவசியம். நாம் கேட்ட முதலிரு காப்புறுதிகளும் தாயாரின் வயதைக் கேட்டவுடன் கைவிரித்துவிட்டன. மூன்றாவது, வைத்தியரின் கடிதத்தின்மேல் ஏற்றுக்கொண்டது. பழைய நோய்களை மறைத்து எழுதினால், தேவைப்படும் நேரத்தில் காப்புறுதி கைகொடாது. கப்பலில் வைத்தியர் உண்டு. அவர் கட்டணம் கரையிலுள்ளதைப் போலன்று. கப்பலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுபோவதற்கான செலவையும் காப்புறுதி ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். கர்ப்பிணிகளை இருபத்து நான்காம் வாரத்துக்கு மேல் பெரும்பாலான கம்பனிகள் ஏற்றுவதில்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளையும் அவ்வாறே.

தாயார் மரக்கறி உணவினர். பதிவின்போதே அதனைத் தெரிவித்தோம். சக்கர நாற்காலி தேவை என்பதையும் அப்போதே எழுத்தில் கொடுத்தோம். துறைமுகத்தில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் வரிசையில் இரண்டு மணித்தியாலம் நின்றிருப்போம்.

முதல் நாளே சிங்கப்பூர் போய்த் தங்கினோம். அன்று காலை விமானத்திலிறங்கி அன்று மாலை கப்பலேறுவோம் என்று திட்டமிடுவது ஆபத்தானது. விமானம் தாமதித்தால் கப்பல் நிற்காது. பிரயாணிகளைப் பதியும் கருமபீடம், புறப்படும் வேளைக்கு ஒன்று அல்லது ஒன்றரை மணித்தியாலம் முன்னரே மூடப்பட்டுவிடும். ஏறியதும் எல்லாரும் ஆபத்துக்காலப் பயிற்சிக்குரிய இடத்துக்குப் போகவேண்டுமென்று அறிவித்தார்கள். மகன் முணுமுணுத்தான். 2012 ஜனவரியில் ‘கொஸ்ரா கொன்கோர்டியா’ இத்தாலியின் ஜிலியோத் தீவருகே பாறையில் மோதியபோது முப்பத்திரண்டு பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களுக்கு அப்பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதன்பின்னரே, புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் பயிற்சி நடந்தேயாகவேண்டும் என்று சர்வதேச விதி இறுக்கப்பட்டது. இதைச் சொன்னதும் மகன் எல்லாருக்கும் முன்னே போய் நின்றான். தாயார் தமது உயிர்காக்கும் அங்கி எங்கே இருக்கிறதென்று இரண்டுமுறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

முதலிரவு கடல் குளத்தைப் போற் கிடந்தது. தாயார் இஞ்சித் துண்டொன்றை வாயிலடக்கிக்கொண்டு படுத்தவர், காலையில் எழுந்து, கப்பல் இன்னும் வெளிக்கிடவில்லையா என்று கேட்டார்.

பினாங்கில் ஒரு பகல் இன்பமாகக் கழிந்தது. மறுநாள் போர்ட் கிளாங். காலை எட்டு மணிக்குக் கப்பல் துறையை அணைந்தது. மாலை நான்கு மணிக்குள் எல்லாரும் ஏறிவிடவேண்டும். கப்பலார் ஒழுங்குசெய்யும் சுற்றுலா பஸ்ஸிற் போனால், அது தாமதித்தாலும் கப்பல் காத்திருக்கும். தாமாகப் போகிறவருக்காகக் காத்திராது. ஆனால் அந்தப் பஸ் இரட்டைக் கோபுரங்களுக்கும் கடைகளுக்கும் போவது, பிரிக்பீல்ட்ஸுக்குப் போவதன்று. ஆதலால் முன்கூட்டியே ஒரு வான் பேசிவைத்து, எப்படியும் இரண்டு மணிக்கு நகரத்தைவிட்டுப் புறப்படுவதென்று முடிவுசெய்தோம். மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே நேரத்தைக் கொண்டவை. எனவே மணிக்கூட்டைப் பற்றிக் கவலையில்லை. தாய்லாந்தில் ஒரு மணித்தியாலம் பிந்தியிருக்கும். அங்கே கரையின் நேரத்தை நம்பிக் கப்பலைத் தவறவிடக்கூடாது.

குடிவரவுச் சோதனை முடிந்து வெளியேற ஒன்பதரை. நகரம் போய்ச் சேர பதினொன்று. இலங்கைத் தமிழர் கட்டிய ஸ்கொட் வீதிக் கந்தசுவாமி கோவிலில் தாயார் வெகுநேரம் நின்றார். தகப்பனாரின் தோளிலிருந்து தேர் பார்த்த இடம் எதுவென்று தேடினார்போலும். பின்னர், அவர் பிறந்த ரயில்வே விடுதி இருந்த பகுதிக்குப் போனோம். விடுதி இல்லை; உயர்ந்த கட்டடங்கள் நின்றன. வழியிலே கண்ட முதிய தமிழர் ஒருவர், இந்த வரிசையிலேதான் வீடுகள் இருந்தன என்று கையை நீட்டிக் காட்டினார். தாயார் வானை விட்டிறங்கி, அந்த வீதியோரத்தில் ஊன்றுகோலோடு ஐந்து நிமிடம் நின்றார். நாம் யாரும் பேசவில்லை. மழை தூறத் தொடங்கிற்று.

"சரி, வெளிக்கிடுவம். கப்பல் விட்டிடும்," என்றார் அவரே.

நேரம் ஒன்றே முக்கால். அவர் சொன்னது நல்லதாயிற்று. மழை வலுத்து, வீதியில் வாகனங்கள் அசையாமல் நின்றன. நாம் மணிக்கூட்டைப் பார்ப்பதும் சாரதியைப் பார்ப்பதுமாக இருக்க, தாயார் பேத்தியின் தோளிற் சாய்ந்து உறங்கிவிட்டார். துறையைச் சேர்ந்தபோது மூன்று மணி இருபது நிமிடம். நாற்பது நிமிடம் கையிலிருந்தது.

அன்று மாலை கப்பல் மெல்ல அசைந்து துறையை விட்டு நீங்கியபோது, தாயார் அறையின் சாளரத்தருகே கதிரையைப் போடச் சொல்லி உட்கார்ந்திருந்தார். கரையின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னே போயின. உணவுக்கு அழைத்தும் எழவில்லை. இருட்டியபின் எம்மைக் கூப்பிட்டார்.

"காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் வந்தது எண்டியே, அது திரும்ப வருமோ?"

அது தெரியாது என்றோம்.

"வந்தால் கேட்டுப் பார். கீழ்த்தட்டிலை, நடுவிலை அறை எடு. எல்லாம் சேர்த்து எவ்வளவு எண்டு முதலே எழுதி வாங்கு," என்றார்.